பழைய பிக்கப் ஏன் மூச்சு வாங்குகிறது?

தோட்டத்தில் ஒரு பிக்கப் வண்டி இருந்தால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பகலில் உரமூட்டை, கரட், லீக்ஸ், கோவா என்று சுமக்கும். ராத்திரியானால் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சியையும், நெஞ்சைப் பிடித்துக்கொண்ட பெரியவரையும் அதே வண்டிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மேல் டிவிஷனில் இருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணித்தியாலம் பிடிக்கும் தோட்டங்கள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அந்த நேரத்தில் வண்டி பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

புது வண்டி என்பது நம்மில் பலருக்கு எட்டாத காரியம். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்தார்கள், ஆனாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே 1980களிலும் 90களிலும் செய்யப்பட்ட டீசல் பிக்கப்களே இன்றும் நமது ரோட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அதிகமாகக் காணப்படுவது டொயோட்டா ஹைலக்ஸ். பாஸ்மார் 'டூ எல்' என்று சொல்வது அதன் 2446 சி.சி. என்ஜினை, 'த்ரீ எல்' என்பது 2779 சி.சி. என்ஜினை. இங்கே நாம் சொல்லப்போவது இந்த என்ஜின்களை மனதில் வைத்துத்தான். அதே காலத்து மிட்சுபிஷி, இசுசு டீசல் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பெற்றோல் வண்டிக்குப் பொருந்தாது.

பழைய வண்டி பழுதாவது பெரிய விஷயமல்ல. என்ன பழுது என்று தெரியாமலே சாமான் மாற்றுவதுதான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. "பம்ப் போயிருச்சு" என்று ஒருவர் சொல்வார். நகையை அடகு வைத்துப் பம்பைக் கழற்றி நகரத்துக்கு அனுப்புவோம். பம்ப் வந்த பிறகும் அதே மாதிரிதான் இருக்கும். பிறகு "நோசில்தான்" என்பார்கள், அதன் பிறகு "ஹெட்டைத் திறந்து பார்ப்போம்" என்பார்கள். நாங்கள் அறிந்த ஒரு வண்டியில் இவ்வளவும் நடந்து முடிந்தபின் கண்ட குற்றம் என்ன தெரியுமா? பம்பின் தலையில் இருக்கும் ஒரு சின்ன வயர், குலுங்கிக் குலுங்கிக் கழன்றிருந்தது.

பழுதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, பழுதைத் திருத்துவது வேறு வேலை. இரண்டாவது பாஸுடைய தொழில். முதல் வேலையில் பாதியை, வண்டி வைத்திருப்பவரும் ஓட்டுபவரும் காசு செலவில்லாமல் தாங்களே செய்யலாம்.

டீசல் என்ஜின் எப்படி எரிகிறது?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை நசுக்குகிறது. ஹைலக்ஸ் என்ஜினில் ஏறக்குறைய 22 பங்கு இடத்தில் இருந்த காற்று 1 பங்கு இடத்துக்குள் அடைபடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். நசுங்கிய காற்று பயங்கரமாகச் சூடேறுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து நோசில் டீசலைப் புகைபோலப் பீச்சுகிறது. தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிறது.

ஆகவே என்ஜினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: போதுமான காற்று, நன்றாக நசுக்கிய சூடு, சரியான நேரத்தில் சுத்தமான டீசல். வண்டி பிடிக்கவில்லை, இழுக்கவில்லை, புகைக்கிறது, உதறுகிறது என்று எந்த முறைப்பாடு வந்தாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். எது குறைகிறது என்பதை வண்டியே சொல்லும். முக்கியமாக, எப்போது அப்படிச் செய்கிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

காலையில் பிடிக்க மாட்டேங்குது

மார்கழி, தை மாதங்களில் மேல்நாட்டுக் குளிர் நமக்குத் தெரியும். நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறையும். அப்படிப்பட்ட காலையில் செல்ப் அடித்தால் வண்டி இருமிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. உடனே தள்ளுவதற்குப் பத்துப் பேரைக் கூப்பிடுகிறோம். அதற்கு முன்னால் ஒருவரை வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். செல்ப் அடிக்கும்போது சைலன்சர் குழாயில் இருந்து புகை வருகிறதா என்று அவர் பார்க்கட்டும்.

வெள்ளைப் புகை, டீசல் நாற்றத்தோடு வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்பதே இதன் பொருள். புகையே இல்லையென்றால் டீசலே உள்ளே போகவில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை. ஆனால் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் முதலில் செல்ப் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். 'ஞர்...ஞர்...' என்று இழுத்து இழுத்துச் சுற்றினால் காற்று சூடேறாது. பெட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, பெட்டரியில் இருந்து என்ஜினுக்கும் சேஸிக்கும் போகும் எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் பிடித்துவிடும். அதற்கு முன் முனைகளைக் கழற்றிவிட வேண்டும், கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள்.

செல்ப் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையானால் ஹீட்டர் ப்ளக்கைச் சந்தேகிக்கலாம். இவை நான்கு உண்டு, சிலிண்டருக்கு ஒன்று. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஒரு சுருள் லைட் எரிகிறதல்லவா, அது அணையும் வரை பொறுக்க வேண்டும். குளிர் கடுமையாக இருந்தால் அணைந்த பிறகும் சில விநாடி பொறுத்து அடிப்பது நல்லது. நான்கில் இரண்டு செத்துப்போயிருந்தாலும் பகலில் வண்டி பிடிக்கும், அதனால் நமக்குச் சந்தேகமே வராது, விடியற்காலையில்தான் காட்டிக்கொடுக்கும். சோதிப்பது எளிது. ப்ளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரைப் பெட்டரியின் பிளஸிலும் மற்ற வயரை ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரிந்தால் அந்த ப்ளக்கின் கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அது செத்தது. செத்ததை மட்டும் மாற்றினால் போதும் என்றாலும், நான்கும் ஒரே வயதாக இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். வோல்ட் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். தவறியதைப் போட்டால் ஒரே காலையில் எரிந்துவிடும்.

நான்கும் சரி, செல்ப்பும் வேகம், அப்படியும் வெள்ளைப் புகையோடு திணறுகிறது, சூடானபின் நன்றாக ஓடுகிறது என்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். அதற்குக் கருவி வேண்டும், பாஸிடம்தான் போக வேண்டும். ஆனால் 'கம்ப்ரஷன் அளந்து பார்த்தீர்களா, நான்கு சிலிண்டருக்கும் எவ்வளவு வந்தது?' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அளக்காமல் என்ஜினைத் திறக்கச் சம்மதிக்க வேண்டாம்.

இன்னொரு சங்கதி. பிடிக்காத வண்டிக்குக் காற்றுக் குழாயில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது, பெற்றோல் துணி காட்டுவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஹீட்டர் ப்ளக் உள்ள என்ஜினில் இது வெடியோடு விளையாடுவது. பிஸ்டன் உடைந்த கதைகள் உண்டு, முகம் வெந்த கதைகளும் உண்டு. செல்ப்பையும் விடாமல் அடிக்கக் கூடாது. 10 விநாடி அடித்தால் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

புகையே வரவில்லை என்றால்

சாவியைத் திருப்பும்போது (செல்ப் அடிக்க வேண்டாம்) டீசல் பம்ப் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஒரு மின்சாரக் கதவு இருக்கிறது. சாவியை நிறுத்தினால் என்ஜின் நிற்பது இதனால்தான். தோட்டத்து ரோட்டில் குலுங்கி இதன் வயர் கழன்றால், சொல்லாமல் கொள்ளாமல், லைட் அணைத்தாற்போல என்ஜின் நின்றுவிடும். நாம் முதலில் சொன்ன வண்டியின் குற்றம் இதுதான். பம்பைக் கழற்றும் முன் இந்த 'டிக்' சத்தத்தைக் கேட்டிருந்தால் போதும்.

'டிக்' சத்தம் கேட்கிறது, டேங்கில் டீசலும் இருக்கிறது, ஆனால் புகை இல்லை. அப்படியானால் எயார் பிடித்திருக்கும். டீசல் பம்ப் காற்றை அமுக்கிப் பீச்ச முடியாது. குழாயில் ஒரு குமிழி புகுந்தாலும் திணறும். பில்டர் தலையில் இருக்கும் கை பம்பை அமுக்கிப் பாருங்கள். நல்ல வண்டியில் சில அமுக்கலிலேயே கெட்டியாகிவிடும். பஞ்சுபோல மெதுமெதுவென்று பல தடவை போனபின்தான் கெட்டியாகிறது என்றால் காற்று புகுந்திருக்கிறது.

இதற்கு நமது மலைநாட்டுக்கென்றே ஒரு சோதனை உண்டு. ஹைலக்ஸில் டீசல் டேங்க் பின்பக்கம் இருக்கிறது. ராத்திரி வண்டியை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால், எங்காவது காற்றுப் புகும் ஓட்டை இருந்தால், குழாயில் உள்ள டீசல் விடியும் வரை மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பிடிக்காது. மறுநாள் மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள். அன்று சுலபமாகப் பிடித்தால் குற்றம் ஹீட்டர் ப்ளக்கில் இல்லை, பம்பிலும் இல்லை, குழாயில் காற்றுப் புகுகிறது. இரண்டு ராத்திரி பொறுத்தால் தெரிந்துவிடும். (சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம். லயத்து முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.)

காற்றுப் புகும் இடங்கள் வழக்கமானவை. பழைய ரப்பர் குழாயின் முனை வெடிப்பு, கிளிப் தளர்ச்சி, பில்டரின் ரப்பர் வளையம், பில்டரின் அடியில் தண்ணீர் விடும் திருகு, கை பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர். டீசல் கசிந்து ஈரமாக இருந்தால் இடம் தெரியும். ஆனால் உள்ளே உறிஞ்சும் ஓட்டையில் வெளியே ஈரம் தெரியாமலும் இருக்கும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே சில அங்குலம் கண்ணாடிபோலத் தெரியும் டீசல் குழாயைப் போடச் சொல்லுங்கள். குமிழி ஓடினால் கண்ணாலேயே காணலாம்.

மேட்டில் இழுக்கவில்லை

வேன் சந்தியில் இருந்து தோட்டத்து மேட்டில் ஏறும்போது பாதி வழியில் வண்டி சோர்ந்து போகிறது, பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி கொஞ்ச தூரம் ஏறுகிறது. இதைக் கேட்டவுடன் "மோட்டார் தேஞ்சு போச்சு" என்பார்கள். தேய்ந்த என்ஜின் பத்து நிமிட ஓய்வில் குணமாகாது. ஓய்வில் குணமாகிறதென்றால் டீசல் வரத்துக்குத்தான் எங்கோ தடை. பீலியில் மண் அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்து குடம் மெல்ல நிரம்புவதில்லையா, அதைப் போலத்தான்.

முதலில், வண்டி சோர்ந்த இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியின் மூச்சுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. டீசல் போகப் போக டேங்கில் காற்று இல்லாமல் பம்ப் உறிஞ்ச முடியாமல் போகிறது. மூடியைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் பில்டர். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவில்லாவிட்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே கொள்ளலாம். 2022 எரிபொருள் நெருக்கடியில் நம் ஆட்கள் கிடைத்த கேனிலும் பீப்பாயிலும் டீசலைச் சேர்த்து வைத்து ஊற்றினார்கள். வேறு வழியிருக்கவில்லை. அந்தக் கேன்களின் துருவும் தண்ணீரும் டேங்கின் அடியில் படிந்தால் அங்கேயே கிடக்கும். கேனில் ஊற்றும் பழக்கம் உள்ள வண்டிகளில் டேங்கின் அடியில் இருக்கும் வடிகட்டியும் அடைபட்டிருக்கலாம். பில்டர் புதிதாகப் போட்டும் சில நாளில் மறுபடி சோர்ந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

பில்டரின் அடித்திருகைத் தளர்த்திக் கை பம்பை அமுக்கினால் அடியில் தங்கிய தண்ணீர் வரும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் நிற்கும். டாஷ்போர்டில் பில்டர் லைட் எரிந்தால் அன்றே இதைச் செய்யுங்கள். டீசல் பம்புக்கு எண்ணெய் போடுவது டீசலேதான், வேறு எண்ணெய் இல்லை. தண்ணீர் போனால் உள்ளே துருப்பிடிக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து உள்ளே உராய்ந்து போகும். லீற்றருக்கு மிச்சம் பிடித்த காசு பம்பில் போய்விடும்.

டீசல் வரத்தும் சரியென்றால் உடனே என்ஜினைத் திறக்க ஓடாதீர்கள். என்ஜினில் இல்லாத குற்றங்களும் இருக்கின்றன. ஒருவரை அக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பம்பில் இருக்கும் நெம்பு முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருந்தாலோ, காலடியில் விரித்த கம்பளம் தடுத்தாலோ நாம் முழுதாக மிதித்தும் வண்டிக்கு முக்கால்தான் கிடைக்கும். அடுத்து, ஓட்டி நிறுத்தியவுடன் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறது. பிரேக்கோடு சேர்த்து இழுத்தால் எந்த என்ஜினும் சோரும். கடைசியாக, மேட்டில் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, கருகிய வாசம் வருகிறது என்றால் கிளச் வழுக்குகிறது.

கறுப்பு, நீலம், வெள்ளை

கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். நமது ஊரில் இதற்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீற்றரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெல்லியது. டர்போ இல்லாத பழைய என்ஜினுக்கு அந்த அளவு காற்றுக் குறைவு. ஆகவே கொழும்பில் சுத்தமாக ஓடிய வண்டி இங்கே மேட்டில் கொஞ்சம் கறுப்பாகப் புகைத்தால் பயப்பட வேண்டியதில்லை. ரோடே மறையும்படி புகைத்தால்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் எயார் பில்டர். கோடையில் தோட்டத்து ரோட்டுப் புழுதி சில வாரத்திலேயே அதை அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அது மூக்கைப் பொத்தியது மாதிரி. உள்ளே இருந்து வெளிப்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும். கடதாசி பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது, புழுதி உள்ளே போனால் மணல் தாள் தேய்த்தது போல சிலிண்டர் தேயும்.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இழுவை போதாது என்று சொன்னவுடன் சிலர் பம்பின் பின்னால் உள்ள திருகாணியை ஒரு சுற்றுத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுகிறார்கள். அன்று வண்டி பறக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் காற்று அதே அளவுதான் இருக்கிறது. மிஞ்சிய டீசல் கறுப்புப் புகையாகவும், என்ஜின் சூடாகவும் மாறுகிறது. இந்த என்ஜின்களின் ஹெட் சூட்டைத் தாங்காமல் வெடிப்பது பேர்போன குறை. அடைபட்ட பில்டரை மாற்றாமல் திருகாணியைத் திருப்புவது எங்கள் அபிப்பிராயத்தில் வைத்தியமே அல்ல.

நீலப் புகை என்ஜின் ஒயில் எரிவது. காலையில் ஒரு தடவை நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு ரப்பர் தேய்ந்திருக்கும், அவசரமில்லை, ஒயில் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மேட்டில் தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்தால் அது முன்னே சொன்ன சூடு போதாத கதை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தால் கவனியுங்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. என்ஜின் ஆறிக் குளிர்ந்த காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வண்டியைப் பிடியுங்கள். குமிழி விடாமல் கொப்பளித்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், கொதித்த என்ஜினில் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். சூட்டு முள் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியானாலும் நிறுத்தி, வேறு வண்டிக்கு ஆள் அனுப்புவதே புத்தி. ஹெட் வெடித்த வண்டி நடுவழியில்தான் நிற்கும்.

உதறல்

சும்மா நிற்கும்போது வண்டி உதறுகிறது, 'டக்...டக்' என்று ஒரு துடிப்பு விட்டுப்போகிறது என்றால் நான்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, பாஸ் ஒவ்வொரு நோசில் குழாயின் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துவார். தளர்த்தியதும் சத்தம் மாறி இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையானால் அதுதான் சோம்பேறி. பிறகு அந்த நோசிலை அடுத்த சிலிண்டரில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குற்றமும் கூடவே போனால் நோசில், அங்கேயே நின்றால் வால்வு அல்லது கம்ப்ரஷன். இப்படி ஒரு நோசிலோடு வேலை முடிய வேண்டிய இடத்தில் நான்கையும் மாற்றக் கூடாது.

இந்தச் சோதனையை வீட்டில் பையன்கள் செய்ய விடாதீர்கள். நோசிலில் டீசல் காற்றழுத்தத்தைப்போல 100 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் பீச்சுகிறது. மெல்லிய கீற்றாகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது மாதிரித்தான் தெரியும். உள்ளே சதை அழுகி விரலை எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் குத்தியது என்று சொல்ல வேண்டும்.

என்ஜின் ஓடும்போது திடீரென்று நின்று, பிறகு செல்ப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் கையை எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதி மிச்சம் இருப்பதும் போகும். ஹைலக்ஸ் டீசலில் இந்தப் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அதற்கென்றே டாஷ்போர்டில் ஒரு லைட் எரியும். பழைய வண்டி வாங்கும்போது அந்த லைட்டை நம்பாதீர்கள், பல்பைக் கழற்றியவர்களும் இருக்கிறார்கள். எப்போது மாற்றியது என்று கடதாசி இல்லையானால் முதல் வேலையாகப் பெல்ட்டை மாற்றிவிட்டுத்தான் லோட் ஏற்ற வேண்டும்.

இறக்கத்தில் என்ஜின் நின்றால்

டீசல் மிச்சம் என்று சொல்லி இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு என்ஜினை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீசல் பிக்கப்பில் பிரேக்குக்கு உதவி செய்யும் வெக்யூமை, ஆல்டனேட்டரோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்னப் பம்ப்தான் உண்டாக்குகிறது. என்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். சேமித்த வெக்யூம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் பாரமாகும். ஆகவே எயார் பிடித்தோ, வயர் கழன்றோ என்ஜின் அடிக்கடி நிற்கும் வண்டியைச் 'சமாளித்து ஓட்டலாம்' என்று நினைத்துப் பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். இறக்கத்தில் என்ஜின் நின்றுபோனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, சின்னக் கியருக்கு மாற்றி, கைபிரேக்கை மெல்ல இழுத்து, மேட்டுப்பக்க மண்ணோரமாக வண்டியைச் சாய்த்து நிறுத்த வேண்டும்.

பாஸிடம் போகும்போது

ஒரு பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியை வண்டியில் வையுங்கள். டீசல் அடித்த நாளும் எந்தச் செட்டில் அடித்தது என்பதும், பில்டர், ஒயில், பெல்ட் மாற்றிய நாளும் மீற்றர் கணக்கும் அதில் இருக்கட்டும். டிரைவருக்கு எழுத நேரமில்லை என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதும். பழுது வந்தால், காலையிலா சூடான பிறகா, மேட்டிலா இறக்கத்திலா, புகை என்ன நிறம், பெட்டரி, வயர், பில்டர், டேங்க் மூடி பார்த்தாயிற்றா என்று அதே கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். "இழுக்குதில்ல பாஸ்" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகித்துத்தான் வேலை செய்வார். "பாஸ், மூக்கு மேலே பார்க்க நிறுத்தினாத்தான் காலையில பிடிக்குதில்ல, கீழே பார்க்க நிறுத்தினா பிடிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பாஸ் நேரே ரப்பர் குழாய்க்குப் போவார். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, எதனால் மாற்றினார் என்பதையும் அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.